ட்ரவுட் லூர் மீன்பிடிப்பு: ரீலுக்குக் கஸ்டம் ஹேண்டில் தேர்ந்தெடுப்பது எப்படி?

தூண்டில் நூலைச் சுற்றும் கருவியான ஸ்பின்னிங் ரீல் வாங்கினால் கூடவே ஒரு ஹேண்டிலும் வந்துவிடும். பெரும்பாலானவர்கள் கடைசிவரை அதையேதான் சுற்றுவார்கள். ஜப்பானில் ட்ரவுட் என்ற குளிர்ந்த நன்னீர் மீனைப் பிடிப்பவர்கள் மத்தியில் கதை வேறு. அங்கே ரீலை வாங்கிய கையோடு ஹேண்டிலைக் கழற்றி, தங்கள் கைக்கும் தாங்கள் மீன்பிடிக்கும் தண்ணீருக்கும் ஏற்ற இன்னொன்றைப் பூட்டிக்கொள்வது சகஜம். இதற்கென்றே ஹேண்டில் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. கடைகளில் கண்ணாடி அலமாரிக்குள் நகை மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள். புதிதாக வருகிறவருக்கு அதைப் பார்த்ததும் வரும் சந்தேகம் நியாயமானது: இது அழகுக்கா, உண்மையிலேயே மீன்பிடிப்பில் ஏதாவது மாறுமா?

மாறும். ஆனால் எது மாறும், எது மாறாது என்று தெரிந்துகொண்டு வாங்கினால்தான் பணத்துக்குப் பலன்.

முதலில் களத்தைப் பார்த்துவிடுவோம். ஜப்பானில் ட்ரவுட் லூர் (போலி இரை) மீன்பிடிப்பு என்றால் முக்கியமாக இரண்டு உலகங்கள். ஒன்று, காசு கட்டிப் பிடிக்கும் குளங்கள். அங்கே பெரும்பாலும் ரெயின்போ ட்ரவுட்டை வளர்த்து விட்டிருப்பார்கள். இந்த மீன் ஜப்பானுக்குச் சொந்தமானது இல்லை. 1877இல் அமெரிக்காவிலிருந்து முட்டையாக வந்தது. (நம் நீலகிரியிலும் இலங்கையின் நுவரெலியா பக்கத்து ஓடைகளிலும் ட்ரவுட் வந்து சேர்ந்தது வெள்ளையர் காலத்தில்தான். அவலாஞ்சியில் பொரிப்பகமே உண்டு.) மற்றொன்று, மலை ஓடைகள். அங்கே யமாமே, அமாகோ, இவானா என்று மண்ணுக்குரிய மீன்கள். ஓடைகளில் பெரும்பாலும் மார்ச் முதல் செப்டம்பர் வரைதான் அனுமதி. அதனால் குளிர்காலம் முழுக்க கூட்டம் குளங்களுக்குப் போய்விடும். இந்த இரண்டு இடங்களிலும் கை செய்யும் வேலை ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஹேண்டில் தேர்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஹேண்டில் எதை மாற்றாது?

நீளமான ஹேண்டில் போட்டால் லூர் வேகமாக வரும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. ஹேண்டிலை ஒரு முறை சுற்றினால் எத்தனை சென்டிமீட்டர் நரம்பு (தூண்டில் நூல்) உள்ளே வரும் என்பதை கியர் விகிதமும், நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலின் விட்டமும்தான் முடிவு செய்கின்றன. ஷிமானோ என்ற ஜப்பானிய நிறுவனத்தின் சி2000 அளவு ரீலில் சாதாரண கியர் என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 70 செ.மீ. அதிவேக கியர் என்றால் 80ஐத் தாண்டும். மெதுவான கியர் உள்ள 1000 அளவு ரீலில் 60 பக்கம் நிற்கும். எந்த ஹேண்டிலைப் பூட்டினாலும் இந்த எண் அசையாது. வேகம்தான் பிரச்சினை என்றால் ஹேண்டில் வாங்கிப் பயனில்லை. கியர் வேறான ரீல்தான் வாங்க வேண்டும்.

ஹேண்டில் மாற்றுவது உங்கள் கையில் படும் விசையையும், கை போட வேண்டிய வட்டத்தின் அளவையும்தான். இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பள்ளிக்கூடக் கணக்குதான், பயப்பட வேண்டாம்.

ரீலின் மையத்திலிருந்து, ஹேண்டில் முனையில் விரல் பிடிக்கும் குமிழ் வரை 40 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு உங்கள் விரல் சுமார் 25 செ.மீ. நகர்கிறது. அதே நேரத்தில் நரம்பு 70 செ.மீ. உள்ளே வருகிறது. அதாவது நரம்பு உங்கள் விரலைவிட 2.8 மடங்கு தூரம் போகிறது. அப்படியென்றால் நரம்பில் இருக்கும் இழுவிசையைப் போல 2.8 மடங்கை விரல் தாங்க வேண்டும். லூர் 10 கிராம் அளவுக்கு இழுக்கிறது என்றால் விரலில் 28 கிராம். இப்போது ஹேண்டிலை 45 மி.மீ. ஆக்கினால் வட்டம் 28 செ.மீ., விரலில் 25 கிராம். 50 மி.மீ. ஆக்கினால் வட்டம் 31 செ.மீ., விரலில் 22 கிராம். கியரில் உராய்வு இருப்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடும், ஆனால் போக்கு இதுதான். நீளம் கூடினால் சுற்றுவது லேசாகும், ஆனால் கை பெரிய வட்டம் போட வேண்டும். நீளம் குறைந்தால் கை அதிகம் நகர வேண்டாம், ஆனால் கொஞ்சம் கனமாகத் தெரியும்.

5 மி.மீ. வித்தியாசத்துக்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றலாம். ட்ரவுட் லூர் எவ்வளவு சின்னது என்பதை நினைத்துப் பாருங்கள். குளத்தில் போடும் ஸ்பூன் என்ற லூர் 0.5 கிராமிலிருந்து 3 கிராமுக்குள். அதன் இழுவையே சில கிராம்தான். அந்தச் சில கிராமில் நடக்கும் மாற்றத்தைத்தான் விரல் படிக்க வேண்டும்.

ஹேண்டில் தன் எடையால் செய்யும் குறும்பு

ஒற்றை ஹேண்டில் உள்ள ரீலைக் கையில் எடுத்து, குமிழ் உச்சிக்கு வருமாறு வைத்துவிட்டு லேசாக விடுங்கள். நல்ல வழுவழுப்பான ரீலாக இருந்தால் குமிழ் தானாகவே முன்பக்கம் சரிந்து கீழே போய் நிற்கும். ஒரு பக்கம் மட்டும் எடை இருப்பதுதான் காரணம். சுற்றும்போதும் இதே விஷயம் ஒவ்வொரு சுற்றிலும் நடக்கிறது. குமிழ் மேலிருந்து கீழே இறங்கும் பாதியில் புவியீர்ப்பு உங்களுக்கு உதவுகிறது. கீழிருந்து மேலே ஏறும் பாதியில் உங்களோடு மல்லுக்கு நிற்கிறது.

அந்தக் குமிழின் எடை 7 கிராம் என்று வைத்தால், மேலே சொன்ன 28 கிராம் இறங்கும்போது 21 ஆகவும் ஏறும்போது 35 ஆகவும் தெரியும். பெரிய மீனோடு போராடும்போது இது உறைக்கவே உறைக்காது. ஒரு கிராம் ஸ்பூனை மெதுவாக இழுக்கும்போது லூரின் இழுவையைவிட ஹேண்டிலின் எடையே பெரிதாகிவிடுகிறது. கை தன்னையறியாமல் இறங்கும்போது கொஞ்சம் வேகமாகவும் ஏறும்போது கொஞ்சம் மெதுவாகவும் சுற்றும்.

அதனால் தண்ணீருக்குள் என்ன ஆகிறது? ஸ்பூன் என்பது வளைந்த உலோகத் தகடு. தண்ணீரைவிடக் கனமானது. வேகம் கூடினால் மேலே எழும்பும், குறைந்தால் கீழே இறங்கும், ரொம்பக் குறைந்தால் ஆட்டமே நின்று வெறும் தகடாகிவிடும். குளத்து ட்ரவுட் ஒரு குறிப்பிட்ட ஆழத்தில்தான் கூட்டமாக நிற்கும். அந்த ஆழத்திலேயே, ஒரே சீராக, அதன் மூக்குக்கு முன்னால் ஸ்பூன் போய்க்கொண்டிருந்தால்தான் பின்னாலேயே வந்து வாயில் வைக்கும். வேகம் ஏறி இறங்கினால் ஸ்பூன் அலை அலையாகப் போகும். தொடரும் மீன் ஒரு கட்டத்தில் திரும்பிப் போய்விடும். அதோடு, வளர்ப்பு ட்ரவுட் கொத்தினால் எப்போதும் தடாலென்று இழுக்கும் என்றில்லை. பல நேரம் இழுவை இலேசாகக் கூடும், அல்லது திடீரென்று லேசாகும், அவ்வளவுதான். ஹேண்டிலே ஒவ்வொரு சுற்றிலும் கனமாவதும் லேசாவதுமாக இருந்தால், அந்தக் கொத்தை எப்படிப் பிரித்து அறிவது?

குளத்துக்கு இரட்டை ஹேண்டில் பேர்போனது இதனால்தான். இரண்டு பக்கமும் ஒரே எடையில் குமிழ் இருப்பதால் எடை சமன்பட்டுவிடுகிறது. எந்த நிலையில் விட்டாலும் ஹேண்டில் அங்கேயே நிற்கும். மெதுவாகச் சுற்றும்போது கை தள்ளாடாது. விரலில் தெரிவது லூரின் இழுவை மட்டும்தான். ஸ்பூனையோ கிராங்க்பெய்ட் என்ற சின்ன, தடித்த மீன் வடிவ லூரையோ நொடிக்கு ஒரு சுற்று, அல்லது அதைவிட மெதுவாக இழுப்பதுதான் உங்கள் மீன்பிடிப்பில் பெரும்பகுதி என்றால், நான் தயங்காமல் இரட்டையைத்தான் சொல்வேன். கஸ்டம் ஹேண்டில்களில் பணத்துக்கு அதிக மாற்றம் தெரிவது இந்த இடத்தில்தான்.

இரட்டைக்குக் குறைகளும் உண்டு. குமிழ் இரண்டு என்பதால் மொத்த எடை கூடும். வீசும்போது தளர்ந்த நரம்பு பின்பக்கக் குமிழில் போய்ச் சுற்றிக்கொள்ளும், காற்றடிக்கும் நாளில் இது பெரிய தொல்லை. பைக்குள் வைப்பதும் கொஞ்சம் இடைஞ்சல். சிலர் இதற்கு நடுவழியாக, எதிர்ப்பக்கம் சின்ன எடை மட்டும் உள்ள ஒற்றை ஹேண்டிலை வைத்துக்கொள்கிறார்கள். அது முழுதாக இரட்டைக்கு ஈடாகாது, ஆனால் நரம்பு சிக்குவது குறையும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒற்றை ஹேண்டிலின் நீளத்தை மையத்திலிருந்து குமிழ் வரை அளந்து போடுவார்கள். இரட்டையின் நீளத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போடுவார்கள். ஆகவே 90 மி.மீ. இரட்டை என்றால் ஒரு பக்கம் 45. 80 என்றால் 40. பெட்டியில் 80 என்று பார்த்துவிட்டு "அம்மாடி, இவ்வளவு நீளமா" என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

ஓடையில் எல்லாம் தலைகீழ்

மலை ஓடையில் தூண்டில்காரர் தண்ணீரில் இறங்கி நீரோட்டத்துக்கு எதிராக நடந்தபடியே, அதே பக்கமாக லூரை வீசுவார். லூர் பொதுவாக 4 முதல் 6 செ.மீ. நீளமுள்ள, மின்னோ என்ற மூழ்கும் சின்ன மீன் வடிவ லூர். அது விழுந்த கணமே ஓட்டம் அதைத் தூக்கி அவர் பக்கம் தள்ளத் தொடங்கும். நரம்பு தளர்ந்துவிடாமல் உடனே சுற்ற வேண்டும். கூடவே ராட் (தூண்டில் கம்பு) நுனியால் டக் டக்கென்று தட்டி, மின்னோவை இடமும் வலமும் துள்ள வைக்க வேண்டும். ஒரு தட்டுக்குக் கால் சுற்று, அரைச் சுற்று. பிறகு நிறுத்தம், மறுபடி சுற்று. பாறை இடுக்கில் லூர் இருக்கும் நேரமே சில நொடிகள்தான்.

இங்கே சீரான வேகத்துக்கு வேலையே இல்லை. சட்டென்று கிளம்ப வேண்டும், சட்டென்று நிற்க வேண்டும். அதற்கு ஹேண்டில் லேசாக இருக்க வேண்டும். சுழலும் பொருளைக் கிளப்பவும் நிறுத்தவும் எவ்வளவு பாடு என்பதில் எடையைவிட, அந்த எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது முக்கியம். தூரம் இரண்டு மடங்கானால் பாடு நான்கு மடங்காகும். குமிழ் இருப்பதோ கடைக்கோடியில். ஆகவே குமிழில் ஒரு கிராம் குறைப்பது ஹேண்டிலின் நடுப்பகுதியில் ஒரு கிராம் குறைப்பதைவிட நன்றாகத் தெரியும். இரட்டையில் கடைக்கோடி எடை இரு மடங்கு என்பதால் ஓடையில் அது மந்தமாகத் தோன்றும். ஓடைக்கு ஒற்றை ஹேண்டில், லேசான குமிழ், 40 அல்லது 45 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தவறாது.

ஓடையில் இரட்டையே வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். கண் லூரின் மேல் இருக்கும்போது கை தானாகவே ஏதோ ஒரு குமிழைப் பிடித்துக்கொள்ளும் என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் முதல் ஹேண்டில் வாங்குகிறவர் அங்கிருந்து தொடங்க வேண்டியதில்லை.

ஆஷினோகோ, சூசென்ஜி மாதிரி பெரிய ஏரிகள் மூன்றாவது வகை. லூர் கனமானது, வீச்சு தூரமானது, ரீலும் 2500 அல்லது 3000 அளவு. அங்கே 50, 55 மி.மீ. ஒற்றை ஹேண்டில் சௌகரியம். ரீலோடு வருவதே பெரும்பாலும் அந்த அளவில்தான் இருக்கும். மாற்ற அவசரமில்லை.

எவ்வளவு நீளம்?

1000, 2000 அளவு ரீல்களில் தொழிற்சாலை ஹேண்டில் பொதுவாக 40 முதல் 45 மி.மீ. அதிலிருந்து 5 மி.மீ.க்கு மேல் ஒரே தாவாகத் தாவாதீர்கள். நீளம் கூட்டினால் மெதுவான சுற்று லேசாகும், வேகத்தை நுணுக்கமாகக் கட்டுப்படுத்துவதும் எளிதாகும். வட்டம் பெரிதாக இருப்பதால் விரல் ஒரு சென்டிமீட்டர் முன்பின் ஆனாலும் லூரின் வேகத்தில் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் மணிக்கட்டால் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தவர் முன்கையையும் சேர்த்து ஆட்ட வேண்டி வரும். அந்த ஆட்டம் ராட் நுனி வரை போகும். குட்டையான ஹேண்டிலில் கை அடக்கமாக இருக்கும், ஆனால் கொஞ்சம் ஏறுமாறாகச் சுற்றினாலும் வேகம் சட்டென்று மாறும்.

கியரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மெதுவான கியர் ரீலில் சுற்றுவது ஏற்கெனவே லேசு, அதற்குக் குட்டை ஹேண்டில் போதும். அதிவேக கியர் ரீலைக் குளத்தில் பயன்படுத்துகிறவருக்கு நீளமான ஹேண்டில் உண்மையிலேயே கை கொடுக்கும். பெரிய மீன் மாட்டினால் பலம் வேண்டுமே என்று நீளம் கூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. குளத்தில் பலர் போடும் மெல்லிய எஸ்டர் (பாலியெஸ்டர்) நரம்பு ஒரு கிலோ இழுவைகூடத் தாங்காது. மீனை அடக்குவது, பலமாக இழுத்தால் நரம்பை வழுக்கி வெளியே விடும் டிராகும் ராடின் வளைவும்தான். ஹேண்டிலின் பலத்தைக் காட்டினால் நரம்புதான் அறும்.

குமிழ்: விரல் தொடும் ஒரே இடம்

என்னைக் கேட்டால், புதியவர் முதலில் மாற்ற வேண்டியது ஹேண்டிலை இல்லை, குமிழை. செலவு குறைவு, மாற்றம் உடனே தெரியும், பிடிக்காவிட்டால் பழையதைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

வடிவத்தில் தட்டையானது, உருண்டையானது, டி வடிவம் என்று பல உண்டு. ட்ரவுட்டுக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் கிள்ளிப் பிடிக்கும் அளவுக்குச் சின்னதாக, மெல்லியதாக இருப்பதே நல்லது. உள்ளங்கையால் பொத்திப் பிடிக்கும் பெரிய உருண்டைக் குமிழ் கடல் மீனுக்கானது. இரண்டு விரலால் பிடிக்கும்போது கை தானாகவே தளர்ந்து நிற்கும், லூரின் நடுக்கம் நன்றாகக் கேட்கும். தட்டையான குமிழில் பிடி நழுவாது, கண் பாராமலே கைக்குச் சிக்கும், ஓடைக்கு அது பிடித்தமானது. நடுவில் இடுப்பு மெலிந்த உருளைக் குமிழ் சுற்றும்போது விரலுக்குள் சீராக உருளும், குளத்தில் மெதுவாக இழுப்பவர்களுக்கு அது உகந்தது.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது பருவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் குளத்து ட்ரவுட் உச்சத்தில் இருப்பது குளிர்காலத்தில். காலை நேரத்தில் அலுமினியக் குமிழும் டைட்டானியக் குமிழும் விரலைச் சில்லிட வைக்கும். விறைத்த விரலுக்கு நுணுக்கமான கொத்து தெரியாது. ஈவிஏ நுரையும் தக்கையும் சில்லிடாது, எடையும் மிகக் குறைவு. நுரை கொஞ்சம் அமுங்கும் என்பதால் அதிர்வு மழுங்குகிறது என்று சொல்கிறவர்கள் உண்டு, உலோகக் குமிழோடு மாற்றி மாற்றிப் பிடித்தால் அந்த வித்தியாசம் தெரியத்தான் செய்யும். மரக் குமிழ் இரண்டுக்கும் நடுவில். சில்லிடாது, கெட்டியாகவும் இருக்கும், பிடிக்கப் பிடிக்க மெருகேறும். ஈரத்தில் ஊறாமல் மேலே நல்ல பூச்சு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

குமிழுக்குள் இருக்கும் பேரிங்கை மறந்துவிடக் கூடாது. குமிழ் தன் அச்சில் தனியாகச் சுழல வேண்டும். விலை உயர்ந்த ரீலில் ஒரு குமிழுக்கு இரண்டு பேரிங் இருக்கும். மலிவு ரீலில் அந்த இடத்தில் பிளாஸ்டிக் வளையம் மட்டுமே இருக்கும். அந்த வளையத்தை எடுத்துவிட்டு பேரிங்கை வைத்தாலே கை உணரும் மாற்றம் பெரிது. சின்ன ரீல்களின் குமிழ்களில் பரவலாகப் பொருந்துவது வெளி விட்டம் 7, உள் விட்டம் 4, தடிமன் 2.5 மி.மீ. உள்ள பேரிங். ஷிமானோ 'ஏ' வகைக் குமிழுக்கும் இன்னொரு ஜப்பானிய நிறுவனமான டைவாவின் 'எஸ்' வகைக் குமிழுக்கும் இதே அளவுதான். ஷிமானோ 'பி'யும் டைவா 'எல்'லும் பெரிய ரீல்களுக்கானவை, இவற்றோடு சேராது.

குமிழைக் கழற்றுவது இப்படித்தான். ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள், உதிரிகள் கடுகு அளவில் இருக்கும். குமிழின் முனையில் ஒரு சின்ன மூடி. அதை நெம்பினால் அல்லது அதற்கான சாவியால் திருப்பினால் வந்துவிடும். உள்ளே ஒரு ஸ்குரூ. இது கழன்றுவிடாமலிருக்கச் சிலவற்றில் பசை போட்டிருப்பார்கள். சரியான அளவு ஸ்குரூடிரைவரை நேராக அழுத்தி ஒரே மூச்சில் திருப்ப வேண்டும். அளவு பொருந்தாததை வைத்து அரைகுறையாகத் திருகினால் தலை தேய்ந்து, அப்புறம் எடுக்கவே முடியாது. ஸ்குரூ வந்ததும் குமிழை மெதுவாக இழுங்கள். வெளிப்பக்க பேரிங், குமிழ், உட்பக்க பேரிங், காகிதம் போல மெல்லிய வாஷர் என்று ஒவ்வொன்றாக வரும். வந்த வரிசையிலேயே துணியில் வையுங்கள், ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மெல்லிய வாஷர்தான் இதில் சூட்சுமமான பொருள். புதுக் குமிழைப் போட்டு ஸ்குரூவை இறுக்கியதும், குமிழைப் பிடித்து உள்ளும் வெளியும் அசைத்துப் பாருங்கள். டொக் டொக்கென்று ஆடினால் 0.1 மி.மீ. வாஷர் ஒன்று சேர்க்க வேண்டும். விரலால் சுண்டினால் உடனே நின்றுவிடுகிறது என்றால் வாஷர் அதிகம், ஒன்றை எடுக்க வேண்டும். இலேசாக, கண்ணுக்குத் தெரியாத அளவு ஆட்டம் இருந்து, சுண்டினால் சில சுற்று ஓடினால் அதுதான் பதம். ஷிமானோ 'ஏ' வகைக்கும் டைவா 'எஸ்' வகைக்கும் ஒரே குமிழ் பொருந்தும் என்று விற்பார்கள். பொருந்தவும் செய்யும், ஆனால் அச்சின் நீளத்தில் சிறு வித்தியாசம் உண்டு. இந்த வாஷர்கள்தான் அதைச் சரிக்கட்டுகின்றன.

மலிவு ரீல்களில் குமிழைக் கழற்ற முடியாதபடி தட்டி இறுக்கியிருப்பார்கள். முனையில் மூடியோ ஸ்குரூவோ இல்லை என்றால் அப்படித்தான். அங்கே ஹேண்டிலோடு மாற்றுவதுதான் வழி.

ஹேண்டில் செய்த பொருள்

அலுமினியக் கலவை, கார்பன், டைட்டானியம், மெக்னீசியம் எல்லாம் உண்டு. அதிகம் விற்பது டியூராலுமின் என்ற கெட்டியான அலுமினியக் கலவையைக் கட்டியாக வைத்துக் கடைந்தெடுத்தது. வார்த்துச் செய்த தொழிற்சாலை ஹேண்டிலைவிட வளைவு குறைவு, லூரின் சேதி நேராக விரலுக்கு வரும். கார்பன் அதைவிட லேசு. ட்ரவுட் பிடிக்கும் விசையில் இரண்டில் எதுவும் வளையப் போவதில்லை. அதனால் ஓடைக்கு லேசு என்பதற்காகக் கார்பன், குளத்துக்கு எதுவானாலும் சரி என்பது என் எண்ணம். குளத்தில் கொஞ்சம் எடை இருப்பதே நல்லது என்று சொல்லும் கைதேர்ந்தவர்களும் உண்டு. சுழலும் எடை தன் வேகத்தைத் தானே காத்துக்கொள்ளும் என்பதால் மெதுவான சுற்று இன்னும் சீராகும் என்பார்கள். இயற்பியல்படி அது சரிதான். அதே எடை மீனின் மெல்லிய கொத்தையும் கொஞ்சம் விழுங்கிவிடும் என்பதும் சரிதான்.

இதைவிட முக்கியமாக நான் பார்ப்பது, குமிழ் ரீலின் உடலிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை. வெகுவாகத் தள்ளி நின்றால் ஒவ்வொரு சுற்றிலும் ரீல் இடமும் வலமும் ஆடும். சில கஸ்டம் ஹேண்டில்களை உட்பக்கமாக வளைத்து, குமிழை உடலுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்திருப்பார்கள். அந்த வளைவு அழகுக்காக வைத்தது இல்லை.

பொருந்துமா?

பலர் பணத்தை விடுவது இங்கேதான். ஸ்பின்னிங் ரீலில் ஹேண்டில் சேரும் முறை இரண்டு. ஒன்று, ஹேண்டிலின் தண்டிலேயே மரை இருந்து நேராக ரீலுக்குள் திருகி இறுகுவது. மற்றொன்று, பட்டை வெட்டிய தண்டை ஒரு பக்கம் நுழைத்து, மறுபக்கத்திலிருந்து ஸ்குரூவால் இழுத்துப் பிடிப்பது. விலை குறைந்த ரீல்களில் இரண்டாவது அதிகம். ஒன்றுக்கான ஹேண்டில் மற்றதில் ஏறாது.

திருகி இறுகும் வகையில் இடம், வலம் என்ற பேதமும் சேர்ந்துகொள்ளும். சுற்றச் சுற்ற ஹேண்டில் இறுக வேண்டுமே தவிர கழலக் கூடாது. வலப்பக்கம் பூட்டி முன்னோக்கிச் சுற்றினால், அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அது கடிகார முள் திசை, சாதாரண மரை போதும். இடப்பக்கம் பூட்டினால் அதே சுற்று எதிர்த்திசையாகிவிடும், அதனால் எதிர் மரை வேண்டும். தொழிற்சாலை ஹேண்டில்கள் பலவற்றின் தண்டில் இரண்டு தடிமனில் இரண்டு மரையும் இருக்கும், இரு பக்கமும் பூட்டலாம். கஸ்டம் ஹேண்டில்களில் இடக்கைக்கு மட்டும், வலக்கைக்கு மட்டும் என்று தனித்தனியாக வருபவை உண்டு. எந்தக் கையால் சுற்றுகிறீர்கள் என்பதை ஆர்டர் போடும் முன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள்.

ரீலின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது, வந்த ஆண்டும் தெரிய வேண்டும். ஜப்பானியர்கள் ரீலைச் சொல்லும்போதே 22 ஸ்டெல்லா, 19 வான்குவிஷ், 23 வான்குவிஷ் என்று ஆண்டைச் சேர்த்துச் சொல்வது இதற்கும் உதவுகிறது. ஒரே பெயரில் வந்த இரண்டு தலைமுறை ரீல்களின் தண்டு வேறாக இருக்கலாம், ஒரே தலைமுறையிலேயே 1000க்கும் 4000க்கும் வேறாக இருக்கலாம். ஹேண்டில் செய்யும் நிறுவனங்கள் எந்த மாடலுக்கு எது பொருந்தும் என்று அட்டவணை போட்டிருப்பார்கள். அதில் உங்கள் ரீல் பெயர் இல்லாவிட்டால் பொருந்தாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஷிமானோவுக்கு யுமேயா, டைவாவுக்கு எஸ்எல்பி வொர்க்ஸ் என்று அந்தந்த நிறுவனத்தின் சொந்தக் கஸ்டம் பிரிவுகள் உண்டு. பொருத்தத்தில் கவலை வேண்டாம் என்பது இவற்றின் பலம். தனி நிறுவனங்களில் லிவ்ரே, ஸ்டுடியோ ஓஷன் மார்க் இரண்டும் ஜப்பானில் பேர் பெற்றவை. நல்ல ஹேண்டில் ஒன்று 10,000 யென்னைத் தாண்டும், டைட்டானியக் குமிழோடு சேர்ந்தால் அதைவிட வெகுவாக ஏறும். சீனாவின் கோமெக்ஸஸ் போன்றவை விலையில் குறைவு, முதல் ஹேண்டிலாக நீளத்தையும் இரட்டையையும் சோதித்துப் பார்க்க அது தாராளமாகப் போதும். நிறம் பார்த்து வாங்குவதிலும் தவறில்லை. கைக்குப் பிடித்த பொருளை ஆசையோடு எடுத்துப்போவதும் இந்தப் பொழுதுபோக்கின் பாதி சுகம். நீளமும் பொருத்தமும் முடிவான பிறகு நிறத்துக்குப் போங்கள்.

பூட்டியதும் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். நரம்பு இல்லாமல் மெதுவாக, நொடிக்கு ஒரு சுற்றாகச் சுற்றுங்கள். எங்காவது உரசுகிறதா, ஹேண்டில் தண்டு ஆடுகிறதா என்று கவனியுங்கள். குளத்தில் அரை மணி நேரம் வீசிய பிறகு இறுக்கத்தை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். புது மரை முதல் நாளில் கொஞ்சம் தளர்வது உண்டு. பழைய ஹேண்டிலை அதன் வாஷர்களோடு ஒரு சின்னப் பையில் போட்டு ரீல் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். ரீலைச் சர்வீசுக்கு நிறுவனத்துக்கு அனுப்பும்போது கஸ்டம் பாகங்களைக் கழற்றிவிட்டு, அசலைப் பூட்டித்தான் அனுப்ப வேண்டும்.